எந்த ஊர்ப் ‘பார்க்கலாம்’

கசுகாய்
நவம்பர் 26

மதிப்பிற்குரிய கண்டேல் பெரியப்பாவுக்கு,

தேக் பகதூர் புன்னின் மகள் சம்ஜனா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் பெரியம்மாவும் கடையில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஊர் யோகோதேயில் பனி விழ ஆரம்பித்துவிட்டதாக டிவியில் காட்டினார்கள். கூரைப் பனியைத் தள்ள ஏறும்போது தனியாக ஏறாதீர்கள்.

என்னை நீங்கள் பார்த்ததில்லை. எனக்குப் பதினைந்து வயது. நடுநிலைப் பள்ளியில் கடைசி வருஷம். நேபாளத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதனால் நம் எழுத்தில் பிழை இருக்கும். வழக்கமாக அம்மா திருத்தித் தருவார். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்ட முடியாது.

அக்டோபர் 24 அன்று நீங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, தந்தூர் அடுப்பில் நிற்க ஆள் வேண்டும், வா என்றீர்கள். அப்பா வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னதற்கு நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அம்மா மதிய உணவுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போயிருக்கிறார். அப்பா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். நான் மெத்தை வைக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து கதவை இழுத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவர் இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். இதுவரை ஏழு தடவை அணைத்தாயிற்று.

செப்டம்பர் 20 அன்று அப்பா வேலை பார்த்த கடை மூடிவிட்டது. முதலாளி முந்தின நாள்கூட வாய் திறக்கவில்லை. அப்பா காலையில் போனபோது ஷட்டரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவருக்கு ஜப்பான் எழுத்து தெரியாது. போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, ஏதோ ஒரு நாள் லீவு போல என்று நினைத்துக் காத்திருந்தார். நாலு மணிக்கு நான் பள்ளியிலிருந்து வந்து அதைப் படிக்கும் வரை, வாசலில் இறக்கிப் போயிருந்த மைதா மூட்டையின் மேல் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அந்த மாவு மழையில் நனைந்துவிடுமே என்று அவருக்குக் கவலை. கடை மூடிப்போச்சு அப்பா, வீட்டுக்கு வாங்க என்று போனில் சொன்னேன். “அப்ப மூட்டைய என்ன பண்றது?” என்று கேட்டார்.

உங்களுக்குத் தெரியாததல்ல. சமையல்காரர் விசாவில் வந்தவர் மூன்று மாதம் அடுப்பில்லாமல் இருந்தால் விசாவையே எடுத்துவிடலாம். வேறு வேலைக்கும் போகக் கூடாது. அம்மாவும் நானும் தொங்குவது அப்பாவின் விசா அட்டையில்தான். எங்களுக்கு டிசம்பர் 20 கெடு.

நேபாளிகள் நடத்தும் கடைகளில் அப்பா தானே கேட்டார். இந்தப் பக்கம் எல்லாக் கடையிலும் இருக்கிற ஆளுக்கே வேலை பாதிதான். அதனால் ஜப்பான்காரர்கள் நடத்தும் இடங்களில் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். பேசுவது என் வேலை. ஐந்து வருஷமாக வீட்டில் அது என் வேலைதான். ஆஸ்பத்திரி, நகராட்சி அலுவலகம், குப்பையைத் தப்பான கிழமையில் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பது, எல்லாமே. “எனக்கெதுக்கு ஜப்பான் பேச்சு, அதான் என் பொண்ணு இருக்காளே” என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

மூன்று இடங்களுக்குப் போனோம். மதியம் பல நாட்டுச் சாப்பாடு போடும் ஒரு ஓட்டல், ஐந்து இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, அங்காடி வளாகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு கணவன் மனைவி. அப்பா பழைய துணிக் கடையில் கோட்டு வாங்கி, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று குனிந்து பழகினார். இடுப்பை மட்டும் மடக்கணும் அப்பா, கழுத்தை மடக்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். “தந்தூருக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு தானா மடங்கும், நீ பாரு” என்றார். அன்று மூவரும் சிரித்தோம்.

மூன்று இடத்திலும் நன்றாகப் பேசினார்கள். தேநீர் கொடுத்தார்கள். கம்பெனிக்காரர் அப்பாவின் வலது கையில் முடியே இல்லாததைப் பார்த்து, இது அடுப்புச் சூட்டில் கருகியதா, பெரிய உழைப்பு என்றார். கடைசியில் மூன்று இடத்திலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கெந்தோ. கெந்தோ செய்கிறோம். எனக்கு அந்த வார்த்தை தெரியும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. யோசித்துப் பார்ப்பது. அப்படியே அப்பாவிடம் சொன்னேன். நல்லபடியாக யோசிக்கிறார்களாம் என்றேன். ‘நல்லபடியாக’ என்பதையும் நானாகச் சேர்க்கவில்லை, அவர்கள் சொன்னதுதான்.

மூன்று இடம் யோசிக்கிறது என்றதும் அப்பா அன்று கோழி வாங்கி வந்தார். அன்றிலிருந்து போனை விடுவதில்லை. குளிக்கப் போகும்போதும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உள்ளே எடுத்துப் போகிறார். அந்த நம்பிக்கையில்தான் உங்களிடம் வேண்டாம் என்றார்.

நீங்கள் கூப்பிட்ட பிறகு, நவம்பரில், எங்கள் வகுப்பில் ஒன்று நடந்தது. குளிருக்குப் பாவாடைக்குள் உடற்பயிற்சிக் கால்சட்டை போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு குவாபாரா டீச்சரிடம் கொடுத்தோம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, சரி, கெந்தோ செய்கிறோம் என்றார். என் தோழி ஹினானோ உடனே மேஜையில் தலையைக் கவிழ்த்து, “போச்சு, முடிஞ்சுது” என்றாள். யோசிக்கிறேன் என்றுதானே சொன்னார் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பெரியவங்க கெந்தோன்னா இல்லைன்னு அர்த்தம்டி. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல முடியாதில்ல, அதான். இத்தனை வருஷமா இங்க இருக்க, கணக்குல எனக்கே சொல்லித் தர்ற, இது தெரியாதா உனக்கு?”

எனக்குத் தெரியாது பெரியப்பா. நான் ஜப்பான் பேச்சைப் பிள்ளைகளிடம்தான் கற்றேன். பிள்ளைகள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. அவர் என்னைத் திட்டமாட்டார். திட்டினால் சொல்லியிருப்பேன். அவராக உங்களைக் கூப்பிடவும் மாட்டார். ஒருநாள் அம்மா பேச்செடுத்தபோது, “கூப்பிட்ட மனுசன்கிட்ட வேணாம்னுட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?” என்றார்.

உங்கள் கடைக்கு இன்னும் ஆள் வேண்டுமென்றால், தயவுசெய்து நீங்களே இன்னொரு முறை அப்பாவைக் கூப்பிடுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். எனக்குப் பதில் எழுதுவதானால் கீழே உள்ள ஹினானோ வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் பாதங்களில் தலைவைத்து,
சம்ஜனா


டிசம்பர் 3

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

மறுபடியும் சம்ஜனா. பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அக்டோபரில் நீங்கள் போனில் அப்பாவிடம் சொன்னதை வைத்துக் கேட்கிறேன். எங்கள் சுவர் மெல்லியது, எல்லாம் கேட்கும்.

என் கடிதம் வந்திருக்கும். ஹினானோ தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் இல்லை என்று தலையசைக்கிறாள். ஒருவேளை நான் எழுதியதில் ஒரு இடம் பொய் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று இரண்டு நாளாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் இது.

டீச்சர் கெந்தோ சொன்னது நவம்பரில் இல்லை. அக்டோபர் 21, திங்கட்கிழமை. நீங்கள் கூப்பிட்டது 24, வியாழக்கிழமை. நீங்கள் கூப்பிட்டபோது எனக்குத் தெரியும்.

அன்று அப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “சம்ஜு, யோகோதேல இருந்து கண்டேல் அண்ணன் கூப்பிடறார். அந்த மூணு எடத்துல ஒண்ணாவது தேறும்ல?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அப்புறம் அவர் உங்களிடம், “மன்னிச்சுக்கங்க அண்ணே, மூணு எடத்துல யோசிக்கிறாங்களாம். பொண்ணுக்குப் பரீட்சை வேற” என்றார்.

ஏன் தலையாட்டினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளியில் சேரத் தனித் தேர்வு இருக்கிறது. கேள்விகளில் கடின எழுத்துகளுக்கு மேலே வாசிப்பு போட்டுத் தருவார்கள். இரண்டு வருஷமாக அதற்குத்தான் படிக்கிறேன். உங்கள் ஊரில் அப்படி இருக்கிறதா என்று பள்ளி நூலகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுசும் உண்மையில்லை. எனக்கு ஹினானோவை விட்டு வர மனசில்லை. ஒன்பது வயதில் இங்கே வந்த புதிதில் பள்ளியில் வாய் பேசாமல் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு ஊரில் மறுபடியும் அப்படி உட்கார முடியாது என்று பயந்தேன். இதற்காகத்தான் அப்பாவின் அடுப்பை அணைத்தேன்.

நேற்று அப்பா, “நேர்ல போய்க் கேட்டாத்தான் வேலை நடக்கும்” என்று ஓட்டலுக்கு என்னைக் கூட்டிப்போனார். கோட்டு போட்டுக்கொண்டார். வீட்டில் போட்ட முள்ளங்கி ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டார். மேலாளர் முராக்கி கீழே இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததுமே அவர் காது சிவந்துவிட்டது. தொலைவிலிருந்து வந்திருக்கிறீர்கள், மிகவும் வருந்துகிறேன், விஷயம் இன்னும் கெந்தோவில்தான் இருக்கிறது என்றார். அப்பா என்னைப் பார்த்து, “என்ன சொல்றாரு?” என்று கேட்டார். இன்னும் யோசிக்கிறார்களாம் என்றேன். இதோடு எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை.

முராக்கி ஊறுகாயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நாங்கள் கண்ணாடிக் கதவைத் தாண்டி, பாதசாரிக் கோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் போகும் வரை குனிந்தபடியே இருந்தார். அப்பா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ரயிலில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா எவ்வளவு நேரம் குனிஞ்சாருன்னு? வேண்டாத ஆளுக்கு இப்படிக் குனிவானா ஒருத்தன்?” என்றார்.

வேண்டாத ஆளுக்குத்தான் அப்படிக் குனிவார்கள்.

இன்னொன்று. அப்பாவின் வலது கையில் முடி முளைத்துவிட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை மழமழவென்றுதான் இருக்கும். டில்லியில் பத்து வருஷம், இங்கே எட்டு வருஷம், தினமும் தந்தூருக்குள் போய் வந்த கை. இப்போது மெல்லிசாகக் கறுப்பு முடி. சாப்பிடும்போது இடது கையால் அதைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். நேற்று அம்மா பார்த்துவிட்டு, “வயசு குறைஞ்சிட்டே போகுது உங்களுக்கு” என்று கேலி செய்தார். அப்பா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இனி உங்களிடம் மறைக்க எதுவும் இல்லை. கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா உங்களிடம் சொன்னது அவருக்குத் தெரிந்தவரை உண்மை. அவர் நன்றாக ரொட்டி சுடுவார். பதினேழு நாள் இருக்கிறது.

பணிவுடன்,
சம்ஜனா


டிசம்பர் 9

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் பெட்டி சனிக்கிழமை ஹினானோ வீட்டுக்கு வந்துவிட்டது. எட்டு ஆப்பிளும் அடிபடாமல் வந்தன. வாழ்க்கையில் எனக்கென்று பெயர் எழுதி வந்த முதல் பெட்டி. மிக்க நன்றி. ஹினானோவின் அம்மாவுக்கு நாலு கொடுத்தேன். மீதி நாலை வீட்டுக்குக் கொண்டுபோய், அவர்கள் கொடுத்ததாகச் சொன்னேன். அம்மா நறுக்கினார். அப்பா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, “எந்த ஊரு ஆப்பிள் இது? தேன் மாதிரி இருக்கு” என்று கேட்டார். வடக்கே எங்கேயோ என்றேன். “பனி விழற ஊருன்னா பழம் இப்படித்தான் இருக்கும்” என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். உங்களைத்தான் நினைத்திருப்பார் என்று தோன்றியது. என் துண்டை அம்மாவின் தட்டில் வைத்துவிட்டேன்.

பெட்டிக்குள் நீங்கள் வைத்திருந்த காகிதத்தை அங்கேயே படித்தேன். நான்கு வரி. திரும்பத் திரும்பப் படித்ததில் மனப்பாடம் ஆகிவிட்டது. ‘இரண்டு கடிதமும் கிடைத்தது. அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் நன்றாகப் படி. வேலை விஷயம் பார்க்கலாம்.’

பெரியப்பா, தவறாக நினைக்காதீர்கள். கடைசி வார்த்தையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஊரில் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகை சரிந்தது. அப்பா அப்போது டில்லியில் இருந்தார். அம்மா மேல்வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னார். அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே, “சரி சரி, பாக்கலாம்” என்றார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அழுதுகொண்டே வந்தார். மறுநாள் விடிவதற்குள் கயிறும் மண்வெட்டியுமாக ஆறு பேர் வாசலில் நின்றார்கள். ஊர்ப் ‘பார்க்கலாம்’ என்றால் எனக்கு அதுதான் நினைவு.

இங்கே உள்ள ‘பார்க்கலாம்’ என்னவென்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அதோடு தேநீர் வரும். ஆப்பிளும் வரும். குனிவதும் நீளமாக இருக்கும்.

நீங்கள் நம் ஊரில் பிறந்தவர். ஆனால் இங்கே இருபத்திரண்டு வருஷம் கடை நடத்துகிறீர்கள். நீங்கள் எழுதியது நம் எழுத்துதான், அது எனக்குத் தெரிகிறது. அந்த வார்த்தையை எந்தப் பேச்சில் நினைத்துவிட்டு எழுதினீர்கள் என்பதுதான் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுதி அடித்த இடம்கூட இல்லை. ஹினானோவிடம் காட்டலாம் என்றால் அவளுக்கு நம் எழுத்து படிக்கத் தெரியாது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல யாருமில்லை.

இன்று மாலை அப்பா அலமாரியைத் திறந்தார். உங்கள் காகிதத்தை அதற்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். கோட்டைத்தான் தேடியிருக்கிறார். வியாழக்கிழமை மறுபடியும் ஓட்டலுக்குப் போக வேண்டுமாம், இந்தத் தடவை ஊறுகாய் வேண்டாம், அவர் கையால் ரொட்டி சுட்டு எடுத்துப்போனால் அவர்கள் யோசிப்பது சீக்கிரம் முடியும் என்கிறார். வீட்டில் தந்தூர் இல்லை. தட்டையான ஒரு வாணலி இருக்கிறது. அதில் இரண்டு சுட்டுப் பார்த்தார். இரண்டும் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டன. “அடுப்பு வேணும், அடுப்பு இருந்தா காட்டிடுவேன்” என்று சொல்லிவிட்டு அந்த இரண்டையும் அவரே சாப்பிட்டார். வேண்டாம் அப்பா, நான் சாப்பிடுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று அப்பா என் முகத்தைப் பார்ப்பார். என்ன சொல்கிறார் என்று கேட்பார். அன்று என்னால் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்வதென்றால் அதோடு சேர்த்துச் சொல்ல இன்னொரு வார்த்தை என் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

உங்கள் ஊரில் எனக்குப் பள்ளி கிடைக்காவிட்டால் பரவாயில்லை. நான் பாத்திரம் கழுவுவேன். கூரைப் பனியைத் தள்ளக் கற்றுக்கொள்வேன். ஒரு வருஷம் வாய் பேசாமல் உட்கார வேண்டுமென்றால் உட்காருவேன், எனக்கு அது பழக்கம்தான். கூலி பற்றி அப்பா உங்களிடம் கேட்கவே மாட்டார்.

‘வா’ என்றால் வா என்று எழுதுங்கள். ‘இல்லை’ என்றால் இல்லை என்றே எழுதுங்கள். அதற்காக வருத்தப்பட மாட்டேன், ஆப்பிளும் அனுப்ப வேண்டாம். ஒரே எழுத்தில் எழுதினாலும் போதும். இந்தத் தடவை நான் அதை அப்பாவிடம் சரியாகச் சொல்லிவிடுவேன்.

பெரியம்மாவின் முழங்காலுக்குக் கடுகெண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல்லி அப்பா சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் கடையில் அடுப்பு ஒருநாளும் அணையாமல் இருக்கட்டும்.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, பெரியப்பா. அது எந்த ஊர்ப் ‘பார்க்கலாம்’?

உங்கள்
சம்ஜனா